அரை ஷேடு தூக்கலாக

வெள்ளையாக இருக்கிற சாட்டின் செருப்பு எதுவானாலும் சாயம் பிடிக்கும் என்று நினைத்துத்தான் பாதிப் பேர் வாங்கி வருகிறார்கள். பிடிக்காது. கடைகளில் அடுக்கியிருக்கும் வெள்ளை சாட்டின் ஹீல்ஸில் பெரும்பாலானவை பாலியெஸ்டர். அதற்குச் சாயம் ஏற வேண்டுமென்றால் டிஸ்பர்ஸ் சாயத்தோடு 130 டிகிரி சூட்டில், அழுத்தம் தாங்குகிற இயந்திரத்துக்குள் வேக வேண்டும். துணிக்கு அது சரி. செருப்பை அந்தச் சூட்டில் போட்டால் சாயம் ஏறுவதற்கு முன்பே பேஸ்ட் இளகி, அடி கழன்று, ஹீல் சாய்ந்துவிடும். பிரஷ்ஷால் பூசிப் பார்க்கலாமே என்பார்கள். பூசலாம், மேலோட்டமாக ஒட்டிக்கொண்டு நிற்கும், முதல் வியர்வையில் நிறம் முழுக்கக் காலுக்கு இறங்கிவிடும்.

அதனால் செருப்போடு யார் வந்தாலும் நிறத்தைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் இழையைப் பார்த்துவிடுவேன். உள்பக்கம் மடித்து ஒட்டியிருக்கும் ஓரத்தில் இரண்டு இழையைக் கத்தி முனையால் உருவித் தீக்குச்சியில் காட்டுவது வழக்கம். முடி கருகுகிற நாற்றம் வந்து சாம்பல் விரலில் பொடிந்தால் பட்டு. காகிதம் எரிகிற வாடை வந்தால் பருத்தி அல்லது ரேயான். உருகிச் சுருண்டு கறுப்பு மணியாகக் கெட்டிப்பட்டால் பாலியெஸ்டர். நைலானும் உருகும், ஆனால் அதன் மணி கறுப்பாக இருக்காது, சாம்பலோ பழுப்போதான். நைலான் என்றால் எனக்குச் சந்தோஷம், பட்டுக்கு ஏறுகிற அதே ஆசிட் சாயம் அதற்கும் ஏறும். பருத்திக்கும் ரேயானுக்கும் டைரக்ட் சாயம். வெளிநாட்டிலிருந்து சொந்தக்காரர்கள் கொண்டுவருகிற பழைய மாடல்களில் சில அசிடேட் சாட்டினாக இருக்கும். அழுக்குப் போகட்டும் என்று அதை நெயில் பாலிஷ் ரிமூவரால் துடைத்தால் துணியே கரைந்து ஓட்டை விழுந்துவிடும்.

தொப்பூர் என்றால் எல்லோருக்கும் கணவாய், விபத்து, டோல்கேட். இந்த ஊரில் உட்கார்ந்துகொண்டு கல்யாணப் பெண்ணின் செருப்புக்குச் சாயம் போடுகிறேன் என்றால் சேலத்துக்காரர்கள் சிரிப்பார்கள். ஆனால் தருமபுரிப் பக்கத்துக் குடும்பங்கள் கல்யாணத் துணி எடுக்கச் சேலம் போய்விட்டு இந்த வழியாகத்தான் திரும்ப வேண்டும். மேட்டூரிலிருந்தும் மேச்சேரியிலிருந்தும் வருகிற ரோடும் இங்கேதான் நெடுஞ்சாலையில் சேர்கிறது. அரசு அதற்கு 44 என்று நம்பர் மாற்றியும், எங்கள் ஆட்களுக்கு அது இன்னும் ஏழாம் நம்பர் ரோடுதான். பஞ்சர் கடைக்கும் டீக்கடைக்கும் நடுவில் ஒரு ஷட்டர் கடை. முன்னால் லாரிப் புழுதி, அதனால் சாய வேலை எல்லாம் பின்கட்டில்.

தோல் எங்கள் வீட்டுக்குப் புதிதல்ல. தாத்தா கவலை இறைக்கிற சாலுக்குத் தோல் தைத்துக் கொடுத்தவர். இந்தக் கரட்டில் மஞ்சளாகப் பூத்துக் கிடக்கும் ஆவாரையின் பட்டையில்தான் அவர் தோல் ஊறப்போட்டார். அதே பட்டையில் பதனிட்டு, கடுக்காய் போட்டு முடித்த மதராஸ் மாகாணத்துத் தோல்தான் ‘ஈஸ்ட் இந்தியா கிப்ஸ்’ என்ற பெயரில் லண்டனுக்குக் கப்பல் ஏறியது. கிணற்றுக்குக் கரண்ட் மோட்டார் வந்ததும் சாலும் போயிற்று, தோலும் போயிற்று. அடுத்த தலைமுறைக்கு ஆம்பூர், வாணியம்பாடி. நான் ஆம்பூரில் ஓர் ஏற்றுமதி ஷூ கம்பெனியின் ஃபினிஷிங் செக்‌ஷனில் நிறம் கற்றுக்கொண்டேன்.

அங்கே நிறம் என்பது கண்ணால் சொல்கிற விஷயம் இல்லை. பையர் கையெழுத்துப் போட்டு அனுப்பிய தோல் துண்டு ஒன்று இருக்கும். நாம் போட்ட நிறத்தையும் அதையும் வெளிச்சப் பெட்டிக்குள் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒவ்வொரு விளக்காகப் போட்டுப் பார்க்க வேண்டும். பகல் வெளிச்சத்துக்கு ஒரு விளக்கு, ஐரோப்பியக் கடைகளில் எரிகிற டியூப் லைட்டுக்கு ஒன்று, வீட்டு மஞ்சள் பல்புக்கு ஒன்று. முதல் விளக்கில் இரட்டைப் பிள்ளை மாதிரி இருந்த இரண்டு துண்டும் அடுத்த விளக்கில் அந்நியமாகிவிடும். வேறு வேறு சாயங்களைக் கலந்து ஒரே நிறத்தைக் கொண்டுவந்தால் இப்படித்தான் ஆகும். ஒவ்வொரு சாயமும் வெளிச்சத்தின் வேறு வேறு பகுதியை விழுங்குகிறது. துணிக்கடையில் நம் அம்மாமார்கள் “வெளியில வெச்சுக் காட்டுங்க தம்பி” என்று புடவையை வாசலுக்கு இழுத்துப் போவதும் இதே சோதனைதான், பெட்டி மட்டும் கிடையாது.

சாயத்தின் சுத்தம் பற்றிய பயமும் ஆம்பூரில் ஒட்டிக்கொண்டதுதான். உடைந்தால் புற்றுநோய் உண்டாக்குகிற பொருளாக மாறும் சில அசோ சாயங்களை ஜெர்மனி 1994-ல் தடை செய்தது. நம் நாட்டிலும் 1997-ல் எழுபது அசோ சாயங்களுக்குத் தடை வந்தது. அதற்குப் பிறகு டிரம்முக்கு டிரம் சான்றிதழ் இல்லாமல் எங்கள் செக்‌ஷனுக்குள் ஒன்றும் வராது. மணிக்கணக்கில் வியர்வையோடு காலை ஒட்டிக் கிடக்கப்போகிற பொருள் செருப்பு. பேர் ஊர் இல்லாமல் பொட்டலத்தில் விற்கிற சாயத்தை அதில் நான் தொடுவதில்லை. விலை கூடத்தான் ஆகும். கூடட்டும்.

ஆம்பூர் எனக்குத் தோலைக் கற்றுக்கொடுத்தது. பட்டைக் கற்றுக்கொள்ளச் சேலம் அம்மாபேட்டைக்குப் போனேன். அங்கே நெசவாளர்களுக்குப் பட்டு நூல் சாயம் போட்டுத் தருகிற பட்டறைகள் உண்டு. கொதிக்கிற சட்டியில் நூல் சிட்டத்தைக் கம்பில் மாட்டித் திருப்பிக்கொண்டே இருப்பார்கள். என்னை உட்காரவிட்ட மாஸ்டர் தராசைத் தொட்டு நான் பார்த்ததில்லை. சிட்டத்தின் நுனியை முறுக்கிப் பிழிந்து, வாயால் ஊதி ஊதி அந்த ஓரத்தை மட்டும் உலர்த்தி, மாதிரித் துண்டின் மேல் வைப்பார். ஈரத்தில் எந்த நிறமும் ஆழமாகத்தான் தெரியும், உலர்ந்தால் வெளுக்கும். அந்த வித்தியாசம் சிவப்பில் ஒரு அளவு, பச்சையில் வேறு அளவு, சந்தன நிறத்தில் இன்னொரு அளவு. “காஞ்சது சொல்றதத்தான் நம்பணும்” என்பார். அவர் வாயில் வருகிற நிறங்கள் எல்லாம் வெங்காயச் சருகு, பாக்கு, அரக்கு, வாடாமல்லி, மயில் கழுத்து, எம்.எஸ். நீலம் என்றே இருக்கும். ஆம்பூரில் நிறத்தைக் குறிக்கிற நம்பர்களைவிட எனக்கு அது வசதியாகப் பட்டது. வாடிக்கையாளர் வாயிலும் அதே பெயர்கள்தானே வருகின்றன.

“அண்ணா, அச்சா அதே கலர் வேணும்” என்பதுதான் எல்லோரும் கேட்பது. அதே கலரைப் போட்டுக் கொடுத்தால் “வெளுத்திருக்கே” என்பார்கள். தொங்குகிற துணியில் மடிப்பு இருக்கிறது, மடிப்புக்குள் நிழல் இருக்கிறது, கண் இரண்டையும் சேர்த்து ஒரே நிறமாக எடுத்துக்கொள்ளும். செருப்பின் முனையில் துணி இழுத்து ஒட்டியிருக்கும், மடிப்பே கிடையாது. மேலேயிருந்து விழுகிற வெளிச்சம் அந்த வளைவில் பட்டுப் பளபளக்கும். ஒரே சாயம், ஒரே துணி என்றாலும் செருப்பு வெளிறித்தான் தெரியும். அதனால் நான் எப்போதும் அரை ஷேடு தூக்கலாகப் போடுவேன். கையில் வைத்துப் பார்க்கும்போது கருப்படித்தது போலத் தோன்றும். காலில் போட்டுப் பாவாடை விளிம்பு அதன் மேல் விழுந்ததும் சரியாகிவிடும். பார்க்கிறவர் கண் முகத்திலிருந்து இறங்கி வரும்போது பாதத்தில் தடுக்கி நிற்கக் கூடாது, பொருத்தம் என்று நான் கணக்கில் வைப்பது அவ்வளவுதான்.

எந்த வெளிச்சத்துக்காகப் பொருத்துவது என்பது அடுத்த வாதம். நம் கல்யாணத்தில் மணவறையில் செருப்பு கிடையாது. முகூர்த்தப் பட்டுக்குச் செருப்பு பொருத்திக் கேட்டு வருகிறவர்களிடம் காசை வீணாக்காதீர்கள் என்று சொல்லி அனுப்பிவிடுவேன். செருப்பு வெளியே தெரிவது முந்தின நாள் மாலை வரவேற்பில். அங்கே மேடையில் எல்இடி விளக்குகள், பின்னால் பூ அலங்காரத்துக்கு ஊதா, எதிரே கேமராக்காரரின் வெள்ளை. பட்டப்பகலில் வாசலில் வைத்துப் பொருத்தியது அங்கே வேறு முகம் காட்டும். மண்டபத்தில் என்ன விளக்கு என்று நான் கேட்டால் பெண்ணின் அப்பா ஒரு மாதிரிப் பார்ப்பார், கேமராக்காரருக்குப் போன் போட்டால் பதில் வந்துவிடும். 1939-ல் வந்த ‘விசார்ட் ஆஃப் ஆஸ்’ படத்தில் ஜூடி கார்லண்ட் போட்டிருந்த சிவப்புச் செருப்பைப் பற்றிச் சொன்னால் கொஞ்சம் நம்புவார்கள். கதைப் புத்தகத்தில் அது வெள்ளிச் செருப்பு. டெக்னிகலரில் எடுப்பாக இருக்கட்டும் என்று சிவப்பாக்கினார்கள். வெள்ளைப் பட்டுச் செருப்பை வாங்கிச் சிவப்புச் சாயம் போட்டு, மேலே சீக்வின்ஸ் தைத்த வலைத் துணியைப் போர்த்தினார்கள். பளிச்சென்ற சிவப்பு அந்தக் கேமராவில் ஆரஞ்சாகத் தெரியும் என்பதால் சீக்வின்ஸை அரக்குக்குப் பக்கமான கருஞ்சிவப்பில் எடுத்தார்கள். நேரில் பார்த்தால் இருண்ட நிறம், திரையில் மாணிக்கம்.

இரட்டை நிறப் பட்டுதான் இந்தத் தொழிலில் தலைவலி. பாவு ஒரு நிறம், ஊடை ஒரு நிறம். மயில் கழுத்தில் நீலமும் பச்சையும் கலந்தா கிடக்கிறது? பார்க்கிற கோணத்துக்கு ஒன்று முன்னால் வருகிறது, இன்னொன்று பின்னால் போகிறது. சாட்டின் செருப்புக்கு அந்த வித்தை கிடையாது, ஒரு நிறம்தான். நீலத்தையும் பச்சையையும் கலந்து நடுவில் ஒன்றைப் போட்டால் உயிரில்லாத ஒரு குளத்துப் பாசி வரும். நான் துணியை மேஜையில் விரித்துப் பார்ப்பதே இல்லை. ஆணியில் தொங்கவிட்டுப் பத்தடி தள்ளிப் போய் நிற்பேன். காலடியில் துணி செங்குத்தாகத்தான் விழும், அந்த நிலையில் எந்த இழை முந்துகிறதோ அதுதான் செருப்புக்கு. பார்டர் அகலமாக இருந்தால் உடலையே மறந்துவிடலாம். செருப்புக்குப் பக்கத்து வீடு பார்டர்தான், மாம்பழ மஞ்சள் உடலில் அரக்குக் கோர்வை பார்டர் என்றால் செருப்பு அரக்கு. பார்டரில் ஜரிகை நிறைந்து கிடந்தால் தங்க நிறம் கேட்பார்கள். தங்கம் சாயத்தில் வராது, பூச்சில்தான் வரும், பூச்சு விரல் மடிகிற இடத்தில் வெடிக்கும். பாக்கு நிறம் போட்டுக்கொள்ளுங்கள், ஜரிகையோடு சண்டை போடாது என்பேன்.

வெள்ளைக்கு வெள்ளை பொருத்துவது சுலபம் என்று யாராவது சொன்னால் அவர் செய்து பார்த்ததில்லை என்று அர்த்தம். கோவிலூர்ப் பக்கத்திலிருந்து கிறிஸ்தவக் குடும்பங்கள் கவுனோடு வருவார்கள். கவுன் தந்தச் சாயல். செருப்போ கடை வெள்ளை. அந்தக் கடை வெள்ளையில் நீல ஒளி அடிக்கிற ஒரு வெளுப்பான் ஏற்றியிருப்பார்கள், சோப்புத் தூளில் வருகிற அதே சரக்கு. வெயிலில் அது துணியை மீறிப் பளீரிடும், பக்கத்தில் உள்ள கவுன் அழுக்காகத் தெரியும். வெளிர் ரோஸ், பீச் போன்ற இளநிறங்களையும் அது கெடுக்கும். வெளுப்பானைக் கழுவி எடுக்க முடியாது, அடக்கத்தான் முடியும். இதற்கு நான் பயன்படுத்துவது பக்கத்துக் கடை டீத்தூள். டிகாக்‌ஷன் இறக்கி, துணியில் மூன்று மடிப்பு வடிகட்டி, தண்ணீர் ஊற்றி ஊற்றி இளக்கி, பஞ்சில் தொட்டு ஒற்றுவேன். பட்டு டீயை ஆசையாகக் குடிக்கும். நீலம் அடங்கி, பழைய தந்தப் பெட்டியின் நிறம் வரும். பால் கலக்காத டீதானே என்று ஒருமுறை ஓர் அம்மா பயந்துபோய்க் கேட்டார்.

துணிச் செருப்பு கிடைக்காதவர்களுக்குத் தோல் கட் ஷூ உண்டு. அதற்குச் சோதனை சிம்பிள், உள்ளங்கால் பக்கமாக ஒரு சொட்டுத் தண்ணீர். உறிஞ்சினால் சாயம் பிடிக்கும். முத்தாக நின்றால் மேலே பூச்சு இருக்கிறது, தின்னரால் அதை எடுத்துவிட்டுத்தான் வேலை. பட்டையில் பதனிட்ட தோல் நன்றாக உறிஞ்சும், ஆனால் வாட்டில் பட்டைத் தோல் என்றால் வெயில் பட்டுப் பட்டு அதுவே சிவக்கும், அதைக் கணக்கில் வைத்துக்கொண்டுதான் இளநிறத்துக்குக் கை வைக்க வேண்டும். ரெக்சினுக்கு நான் பொறுப்பில்லை.

வாங்கும்போதே பார்க்க வேண்டியவை சில உண்டு. கல்லும் முத்தும் ஒட்டிய செருப்பு வேண்டாம், ஸ்பிரிட் பட்டால் கல்லின் பளபளப்பு மங்கும், பசை விட்டுவிடும். வார் ஒரு துணி, முனை இன்னொரு துணி என்று இருந்தால் ஒரே சாயத்தில் இரண்டு நிறம் வரும். மாலையில் வாங்குங்கள், கால் அப்போது கொஞ்சம் வீங்கியிருக்கும். தோல் போட்டுப் போட்டு இளகும், சாட்டின் இளகாது. எல்லாவற்றையும் விட முக்கியம், கவுன் தைக்கக் கொடுப்பதற்கு முன்னால் செருப்பு கையில் இருக்க வேண்டும். இரண்டு இஞ்ச் ஹீலுக்கும் மூன்று இஞ்ச் ஹீலுக்கும் விளிம்பு ஒரு இஞ்ச் மாறுகிறது. டெய்லர் வெறுங்காலுக்கு அளவெடுத்துவிட்டால், நான் எவ்வளவு பொருத்தமாகச் சாயம் போட்டாலும் விளிம்பு மேலே ஏறிச் செருப்பு முழுக்க வெளியே நிற்கும். புடவைக்கும் அதேதான். செருப்பைப் போட்டுக்கொண்டு கொசுவம் வைத்தால்தான் ஹீல் மறையும், அலங்காரம் செய்ய வருகிறவர்களும் இதைச் சொல்வார்கள்.

வேலை என்று பார்த்தால் முக்கால்வாசி முன்னேற்பாடு. செருப்புக்குள் தாளைத் திணித்து வடிவம் நிற்கவைத்து, அடி ஓரத்தை டேப் ஒட்டி மறைத்து, துணியை ஸ்பிரிட்டால் துடைக்க வேண்டும், கடையில் போட்டுப் பார்த்தவர்களின் கை எண்ணெய் இருந்தால் அங்கே சாயம் ஏறாது. பிறகு தண்ணீர் தெளித்து முழுச் செருப்பையும் ஒரே சீராக ஈரமாக்குவேன். காய்ந்த துணியில் பிரஷ் வைத்தால் தொட்ட இடமும் முடிந்த இடமும் கோடாக நிற்கும். ஹீலில் தொடங்கி, பின்பக்கம் போய், முனையைக் கடைசியில் தொடுவதுதான் முறை, கை பழகிய பிறகுதான் கண் போகிற இடத்துக்கு வர வேண்டும். சாயம் இளசாக, பூச்சு பலதாக. ஏற்றலாம், இறக்க முடியாது. தையல் ஓரமும் பூ முடிச்சும் அதிகம் குடிக்கும், அங்கே பிரஷ்ஷைப் பிழிந்துவிட்டுப் போக வேண்டும். ஜோடி இரண்டுக்கும் ஒரே கிண்ணம், ஒரே நேரம். வலதை இன்று முடித்து இடதை நாளைக்கு வைத்தால் அது இரண்டு செருப்பு, ஜோடி இல்லை. வெயிலில் காயவைக்கக் கூடாது. எந்தப் பக்கம் முதலில் காய்கிறதோ அந்தப் பக்கத்துக்குச் சாயம் ஓடிப்போய்ச் சேரும். பின்கட்டில் ஃபேன் காற்றும் படாத நிழலில் தொங்கவிடுவேன். எங்கள் ஊரைச் சுற்றி மலை, மாலை வெளிச்சம் சீக்கிரம் மஞ்சளாகிவிடும். மாதிரித் துண்டோடு ஒப்பிடுவதை மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னால் முடித்துவிடுவேன்.

துணியைக் கொண்டுவருகிற விதத்தையும் செருப்பைக் கொண்டுவருகிற விதத்தையும் பார்த்துக்கொண்டே இருப்பேன். புடவை ஜவுளிக்கடைப் பெட்டியில், மேலே ஒரு மஞ்சள் துண்டோடு, மடியில் வைத்துக்கொண்டு வரும். அதோடு சேரப்போகிற புதுச் செருப்பு, இன்னும் ஒரு கால்கூட நுழையாதது, நாளிதழில் சுற்றி வண்டி ஹேண்டிலில் தொங்கும். பெட்டியை மேஜை மேல் வைப்பார்கள், செருப்பைத் தரையில் வைப்பார்கள். சிலர் காசைக்கூட என் கையில் கொடுக்காமல் மேஜையில்தான் வைப்பார்கள். எந்தத் தெரு என்று கேட்கிறவர்களும் உண்டு. இரண்டையும் ஒரே மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் வைக்காமல் நிறம் பார்க்க முடியாது என்று நான் செருப்பை எடுத்துப் புடவை மேலேயே வைப்பேன். தொழில் விதி அது, யாரும் மறுத்துப் பேச முடியாது.

ஆடியும் மார்கழியும் கடைக்கு ஆள் வராத மாதங்கள். ஐப்பசி, கார்த்திகையில் முகூர்த்தமும் மழையும் சேர்ந்து வரும். கொதிக்கிற சட்டியில் அமிலத்தோடு வெந்த பட்டு நூல் போல, பிரஷ்ஷில் பூசிய சாயம் இழைக்குள் இறுகாது. உப்பும் வினிகரும் தடவினால் நிற்கும் என்று கேள்விப்பட்டு வீட்டில் தடவிவிட்டு வருகிறார்கள். சூடு இல்லாமல் வினிகருக்கு அங்கே வேலையே இல்லை, வாசனைதான் மிச்சம். தண்ணீர் தள்ளுகிற ஸ்ப்ரே ஒன்று மேலே அடித்துக் கொடுப்பேன். தூறலுக்குத் தாங்கும், மண்டப வாசலில் தேங்கிய தண்ணீருக்குத் தாங்காது. வெளிர் நிறக் கவுன் என்றால் விளிம்பில் ஏறிவிடும் ஆபத்தைச் சொல்லியே காசு வாங்குவேன். காரிலிருந்து மேடை வரை பழைய செருப்பு, மேடை ஏறும்போது இது. மிச்சமிருக்கும் சாயத்தை ஒரு சின்னப் பாட்டிலில் ஊற்றிப் பஞ்சோடு கட்டிக் கொடுப்பேன், படியில் முனை இடித்துக்கொள்ளாத மணப்பெண் கிடையாது.

கல்யாணம் முடிந்து இரண்டு மூன்று மாதத்தில் அதே செருப்பு திரும்பி வரும். ராணி பிங்க் செருப்பை ஆபீசுக்குப் போட முடியாது, கறுப்பாக்கிக் கொடுங்கள் என்பார்கள். கறுப்பு எல்லாவற்றையும் மூடிவிடும் என்று நம்பிக்கை. நேராகப் பூசினால் டியூப் லைட்டில் கறுப்பாக இருக்கும், வெயிலில் அடியிலிருந்து செம்மை எட்டிப் பார்க்கும். முதலில் பச்சை ஒரு பூச்சு போட்டுச் சிவப்பைச் சாகடிக்க வேண்டும், அது காய்ந்து ஒரு மண் நிறமாக நிற்கும்போது அதன் மேல் கறுப்பு இரண்டு தடவை. நடுவில் வந்து எட்டிப் பார்க்கிறவர்கள் பச்சையைக் கண்டு அலறுவார்கள். அதனால் கறுப்பு வேலைக்கு இப்போதெல்லாம் செருப்பை வைத்துவிட்டு மறுநாள் வரச் சொல்கிறேன். பச்சைக்கும் சேர்த்துத்தான் கூலி.